வோல்டேஜ் மேல் போட்ட பழி

நவம்பர் 2, ஞாயிறு

'இந்தக் கணினி புதிய விண்டோஸுக்குத் தகுதியானதல்ல' என்று இன்று திரையில் வந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்ட எந்த வரலாற்று ஆசிரியரும் இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை அமைதியாகப் படித்துவிட முடியாது. மறுபடி சோதித்துப் பார்த்தேன். அதே பதில்.

கடையில் வாங்கிய கம்ப்யூட்டராக இருந்தால் கடைக்காரனைத் திட்டலாம். இது நானே ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டியது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பெங்களூரில் வாங்கிய பழசு. இதைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியில் ஒரு முறை எழுதியபோது, யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பூட்டினேன் என்ற விவரம் இடநெருக்கடியால் விடுபட்டுப்போனது.

பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்று என் மனைவி ஹாஜிராவிடம் விளக்கினேன். அவளுடைய எம்ப்ராய்டரி டிசைன்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. பாப்பாரப்பட்டிப் பெண் கோகிலவாணிக்குக் கல்யாண ஜாக்கெட்டுகள் இந்த மாதக் கடைசிக்குள் போக வேண்டும்.

"அது பாட்டுக்கு நல்லா ஓடுதுல்லங்க. எதுக்கு நோண்டறீங்க? பாதுகாப்பு வேணும்னா பின்கதவுத் தாழ்ப்பாள மாத்துங்க. இந்த ஜாக்கெட்டு போற வரைக்கும் அதுமேல கை வெக்காதீங்க."

சரி என்றேன்.

நவம்பர் 5, புதன்

ஹாஜிரா நூல் வாங்கத் தர்மபுரி போனாள். நான் அரை நாள் விடுப்பு எடுத்தேன். விடுப்புக் கடிதத்தில் 'வீட்டில் அவசர வேலை' என்று எழுதியிருந்தேன். மதியம் வரை அது பொய்யாக இருந்தது.

கம்ப்யூட்டர் விழிக்கும் முன்பே உள்ளே நுழைகிற அமைப்புப் பக்கத்துக்குப் போனேன். புதிய விண்டோஸ் கேட்பதையெல்லாம் ஒவ்வொன்றாக இயக்கினேன். கடைசியில், பழைய முறையில் தொடங்க அனுமதிக்கும் ஒரு வசதி. பழைய முறை என்ற பெயரே எனக்குப் பிடிக்கவில்லை. அணைத்தேன். சேமித்து வெளியே வந்தேன்.

திரை கறுத்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, படம் மட்டும் வரவில்லை. கேபிளை மாற்றினேன். ராம் என்கிற நினைவக அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம். பலன் இல்லை.

ஹாஜிரா திரும்பி வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. "என்னாச்சுங்க?"

பக்கத்துப் பட்டறையில் சென்றாயன் அப்போதுதான் வெல்டிங் வைத்தார். டியூப்லைட் ஒரு முறை மங்கி எரிந்தது.

"வோல்டேஜ்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. நினைத்திருந்தால் இதைவிடப் பெரிதாக, யாரும் நம்ப முடியாத மாதிரி ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 6, வியாழன்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஹாஜிரா பட்டறை வாசலில் நிற்பது சமையலறை ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கேட்கவும் கேட்டது.

"சென்றாயண்ணா, என் பொழப்பே அதுக்குள்ளதான் இருக்குது. இப்ப கறுப்பாக் கெடக்குது. நான் அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"நான் மிஷின் வெச்சா லைட்டு மங்குறது நெசந்தானுங்க அக்கா. ஆனா கம்ப்யூட்டரே போவுமா?"

"அவரே சொல்றாரு."

"சார் சொன்னாரா." கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "அப்ப சரியாத்தான் இருக்கும். நிறுத்திடறேனுங்க."

நிறுத்திவிட்டார். பாப்பாரப்பட்டிக் கோயிலுக்குச் செய்துகொண்டிருந்த கேட் பாதியில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது.

பட்டறை வாசலுக்கு எட்டே எட்டு வைத்தால் போதும். நான் டீ போட்டுக் குடித்துவிட்டுப் பின்கதவு வழியாகப் பள்ளிக்குப் போனேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஜும்மா முடிந்ததும் முனாப் சாச்சா கூப்பிட்டார். ஹாஜிராவின் சித்தப்பா. புளி மண்டி அவருடையது. சென்றாயன் வாடகைக்கு இருக்கும் பட்டறையும் அவருடையதுதான்.

"நிசாரு, ஹாஜிரா சொல்லிச்சு. வர்ற மாசம் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன் அவன்கிட்ட. நம்ம வூட்டுப் பொண்ணு பொழப்புல கை வெக்கறானா?"

"பரவாயில்ல சாச்சா, விட்டுருங்க."

அவர் பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? இவ்ளோ நஷ்டத்துலயும் விட்டுருங்கங்கறாரு. படிச்சவங்க படிச்சவங்கதான்."

இரண்டு பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் கையைக் கொடுத்தேன்.

நவம்பர் 8, சனி

ஹாஜிரா பழைய ஜாக்கெட் ஒன்றைப் பார்த்து டிசைனைக் காகிதத்தில் வரைய ஆரம்பித்திருக்கிறாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காரணம் பிடிபட்டது. பழைய முறையை அணைத்துவிட்டால் என் பெங்களூர் கார்டால் படம் காட்ட முடியாது. அவ்வளவுதான். போர்டின் மேல் வட்டமாக ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அதைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினால், செய்த மாற்றங்களையெல்லாம் போர்டு மறந்து ஆதி நிலைக்குப் போய்விடும். மனிதனுக்கும் அப்படி ஒரு பேட்டரியை எங்காவது வைத்திருக்கலாம்.

கழற்றினேன். மாட்டினேன். படம் வந்தது.

ஹாஜிரா ஓடி வந்து டிசைன்களைத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாத்தீங்களா, பட்டறைய நிறுத்துனதும் தன்னால சரியாயிருச்சு."

என் பொய்க்கு இப்போது ஆதாரமும் கிடைத்துவிட்டது. நானே தயாரித்த ஆதாரம்.

சொல்ல வாயைத் திறந்தேனா? திறந்தேன். "டீ இருக்கா?" என்று கேட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பத்திரிகை ஆசிரியர் பத்தி கேட்டார். தங்கள் தவறை அடுத்தவன் தலையில் கட்டும் அதிகாரிகளைப் பற்றி எழுதினேன். தடையே இல்லாமல் வந்தது. ஒரே மூச்சில் முடித்தேன், படித்துப் பார்த்துச் சிரித்தும் விட்டேன். பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று உறைத்தது. அழித்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன். அதுவும் —

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் சென்றாயன் வந்தார். எப்போதும் உள்ளே வந்து உட்கார்ந்து, நான் பேசுகிற அரசியலைக் கேட்டுவிட்டுப் போகிறவர். இன்று செருப்பைக் கழற்றவில்லை. கையில் ஒரு ஸ்டெபிலைசர்.

"பழசுதானுங்க சார், ஆனா நல்லா ஓடும். மாட்டிக்குங்க. நான் போனாலும் அந்த எடத்துக்கு வேற எவனாச்சும் மிஷினோட வருவானில்ல."

கோயில் கேட் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அது அவங்களுக்கு அவசரமுங்க. கம்பைநல்லூர்ல வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "மண்டி பாய்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா, பெரியவளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் இருந்துக்குவேன். வூடும் பட்டறையும் பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தோதுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பார். அதுதானே நடந்தது.

"சென்றாயன், வோல்டேஜ் இல்லைங்க. நான்தான் செட்டிங்ஸ மாத்திக் கெடுத்தேன். நானேதான் சரியும் பண்ணுனேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். என்னை உற்றுப் பார்த்தார். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருக்கலாம். ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர். பிறகு கீழே வைத்த ஸ்டெபிலைசரை எடுத்துக்கொண்டார்.

"இத பாய்கிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

நவம்பர் 13, வியாழன்

போகவில்லை. பள்ளியில் ஆய்வு. ஆய்வு மதியமே முடிந்துவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

சென்றாயன் மண்டி வாசலில் எனக்கு முன்பே நின்றிருந்தார். புளி கொட்டை எடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தனியாகப் பேசலாமா என்று சாச்சாவிடம் கேட்டேன். "நமக்குள்ள என்னப்பா ரகசியம், சொல்லு" என்றார்.

சொன்னேன். புளி தட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"ஏம்ப்பா, பள்ளிவாசல்ல வெச்சு உன்னப் பெரிய மனுசன்னு வேற சொல்லிட்டேனே. நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்?"

"வாத்தியார முட்டி போட வெய்ங்க பாய்" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. வேலைநேரத்துக்கு நல்ல நகைச்சுவை; தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.

சாச்சா சிரிக்கவில்லை. சென்றாயனிடம் திரும்பினார். "நீ இருப்பா. எங்கயும் போவ வேண்டாம்." என்னிடம், "ஹாஜிராவுக்குத் தெரியுமா?"

"சொல்லிடறேன் சாச்சா."

நான் வீட்டுக்குப் போவதற்குள் சாச்சாவிடமிருந்து போன் போய்விட்டது. ஹாஜிரா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஓட்டவில்லை.

"என்கிட்ட பொய் சொன்னத விடுங்க. அது நம்ம வூட்டோட போவும். அந்த மனுசன் வாசல்ல போய் நின்னு கத்துனேனே. என் வாயால கத்த வெச்சிட்டீங்களே."



அவள் எழுந்து பட்டறைக்குப் போனாள். ஜன்னல் பக்கம் நான் போகவில்லை. திரும்பி வந்து சோறு போட்டாள். அங்கே என்ன பேசினாள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

நவம்பர் 19, புதன்

பத்திரிகை ஆசிரியர் நலம் விசாரித்தார். தேவலாம் என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஜாக்கெட்டுகள் போய்விட்டன. கோகிலவாணி போட்டோ அனுப்பியிருந்தாள். ஹாஜிரா அதை முதலில் சென்றாயன் மனைவியிடம் காட்டினாள், பிறகு என்னிடம்.

பட்டறை ஓடுகிறது. கோயில் கேட் கம்பைநல்லூரிலேயே முடிந்து, கோயில் வாசலில் மாட்டியும் ஆகிவிட்டதாம். சென்றாயன் என்னைப் பார்த்தால் தலையாட்டுகிறார். மரியாதைக்குக் குறைவில்லை. அரசியல் கேட்க வருவதில்லை.

இன்று பத்தியைத் தட்டச்சு செய்யக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். திரையில் இரண்டு பெயர்கள்: ஹாஜிரா, நிசார். சாச்சாவின் மகள் அலீனா வந்து அமைத்துக் கொடுத்தாளாம். என் பெயரில் நுழைந்தால் எழுதலாம், படிக்கலாம், செய்தி பார்க்கலாம். எழுத்துரு ஒன்றை நிறுவப் பார்த்தேன். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்றது.

நிர்வாகி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. இருக்கிற எழுத்துருவிலேயே அடித்து அனுப்பினேன்.