பன்னிரண்டு புதிய நுண்செயலிகளும் நான்கு முறை கேட்கப்பட்ட தெருப் பெயரும்

அனுப்புநர்
பொதுமேடைப் பேச்சாளர்,
மறைந்த ஒலிபெருக்கி அமைப்பாளரின் அண்ணன்,
கணிப்பொறிக் கொள்முதல் ஆய்வுக் குழுவில் பொதுமக்கள் சார்பாளர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
உயிர்காப்பு ஊர்திப் பணித்துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: அழைப்பு நடுவத்துக்குப் புதிய தலைமுறை நுண்செயலி பூட்டிய பன்னிரண்டு கணிப்பொறிகள் வாங்கும் பரிந்துரையில் ஒப்பமிட மறுத்தல் – ஏழாம் இருக்கைப் பணியாளர் மீதான குற்றச்சாட்டை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஏழாம் இருக்கைப் பணியாளர் மீது நான் அளித்த முறையீடு.
2. "தங்கள் முறையீடு தீர்க்கப்பட்டது" எனத் தங்கள் அலுவலகம் எனக்கு விடுத்த மடல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பி இறந்து இன்றோடு நாற்பத்தாறு நாள் ஆகின்றது. மேடையில் நான் பேச, மேடைக்குக் கீழே நின்று என் குரலை ஊருக்குக் கொண்டு சேர்த்தவன் அவன். அன்று பிற்பகல் என் கூட்டத்துக்காக ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏணியடியில் அமர்ந்தான். மூன்று மணி பன்னிரண்டு மணித்துளிக்கு நான் அழைப்பு நடுவத்தை அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் தெருப் பெயரைக் கேட்டார், சொன்னேன். "ஐயா, லைன்லயே இருங்க. தெருப் பேர இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார், சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார். நான்காம் முறையும் கேட்டார். ஊர்தியோ எங்களுக்கு மூன்று தெரு தள்ளி நின்றிருந்தது. அதற்கு ஆணை போய்ச் சேர்ந்தது மூன்று மணி இருபத்துமூன்று மணித்துளிக்கு. வந்து இறங்கிய செவிலியர் என் தம்பியின் கழுத்தில் இரு விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருக்கக் கூடாதாண்ணே?" என்றார்.

2. அச்சொல் என்னைச் சுட்டது. சுட்ட சூட்டை நான் அப்பெண்ணின் மேல் இறக்கினேன். பார்வை ஒன்றில் கண்ட முறையீட்டை எழுதினேன். எழுதியதோடு அடங்கவில்லை. பதினாறாம் நாள் நடந்த இரங்கல் கூட்டத்தில், நாலு தெரு கேட்க, "உயிர் துடிக்கையில் தெருப்பெயர் கேட்டு விளையாடிய கல்நெஞ்சக்காரி" என்று அவரைப் பழித்தேன். கூட்டம் கைதட்டியது. மறுநாளே அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

3. பின்னர்த் தங்கள் அலுவலகத்திலிருந்து மடல் வந்தது. காலத்தாழ்வுக்கு இரண்டே ஏதுக்கள் என்றது அம்மடல்: ஒன்று, பணியாளரின் கவனக்குறைவு, மற்றொன்று, கணிப்பொறிகளின் பழமை. முன்னதற்குத் துறை விசாரணையாகிய உசாவலும் பின்னதற்குப் புதிய தலைமுறைக் கணிப்பொறிகளும் வரவிருப்பதால் என் முறையீடு தீர்க்கப்பட்டதாகவும், கொள்முதல் ஆய்வுக் குழுவில் பொதுமக்கள் சார்பாக நான் அமர வேண்டும் எனவும் எழுதியிருந்தீர்கள். ஐவர் ஒப்பமிட வேண்டிய பரிந்துரையில் ஐந்தாம் ஒப்பம் என்னுடையது. தம்பியை இழந்தவனே ஒப்பமிட்டால் எவர் வாய் திறப்பார் என்று எண்ணியிருக்கலாம். நானும் அன்று அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

4. கணிப்பொறி பற்றி நான் அறிந்தது கையளவும் இல்லை. ஆகவே கேட்டுக் கேட்டு அறிந்தேன். விற்பவர்கள் பிராசசர் என்று சொல்லும் நுண்செயலிதான் கணிப்பொறியின் மூளை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதிய தலைமுறையாக வருகிறது. பழைய தாய்ப்பலகையில் பொருந்தாமையால் பெட்டியோடு மாற்ற வேண்டியிருக்கிறது. இவ்வளவும் எனக்குச் சொன்னவர், காணொளி தொகுக்கும் தொழில் செய்யும் என் அக்காள் மகள். வாங்கலாமா என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "எனக்குன்னா நாளைக்கே வாங்கிருவேன் மாமா. என் வேலைல மூளைதான் வேகுது. உங்க ஆளுங்களுக்கு வேகுறது மூளைதானான்னு மொதல்ல பாருங்க. உலையில போட ஒண்ணும் வந்து சேரலைன்னா, அடுப்ப மாத்தி என்ன பண்றது?"

5. சென்ற வெள்ளியன்று முற்பகல் பத்தரை மணிக்கு நடுவத்தின் கூட்ட அறையில் ஆய்வு நடந்தது. பழைய பெட்டி ஒன்றும் புதிய பெட்டி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தன. என்னைச் சிறப்பிப்பதாக எண்ணி, என் தம்பி விழுந்து கிடந்த தெருவின் பெயரையே இரண்டிலும் தேடச் செய்தார்கள். பழையது பத்தொன்பது நொடி எடுத்தது. புதியது ஒரு நொடியும் எடுக்கவில்லை. விற்பனையாளர், "மாட்டு வண்டிக்கும் விமானத்துக்கும் உள்ள தூரம் சார் இது" என்றார். என் கண் கலங்கியது. ஒப்பமிடத் தூவலைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

6. அப்போது கதவோரம் நின்றிருந்த நடுவத்தின் பழுதுநீக்குநர் சிரித்தார். சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி வைத்திருப்பதால் அவரை எல்லாரும் திருப்புளி என்றே அழைக்கிறார்கள். ஏன் சிரித்தீர் என்றேன். "அந்தப் புதுசு காலைலேருந்து இதே தெருவ மூணு தடவ ஒத்திகை பாத்திருச்சுங்க. கேட்டத நினைப்புல வச்சிருக்கும். பழசுகிட்ட இப்பதான மொத தடவ கேக்குறீங்க?" என்றார். மேலோர் வரும் முன் எதையும் ஒத்திகை பார்த்து வைப்பது இந்நடுவத்தின் வழக்கமாம். வஞ்சமில்லை, வழக்கம். அவ்வளவே. மருத்துவமனையின் பின் தெருவை இரண்டிலும் தேடுங்கள் என்றேன். பழையது பதினெட்டு நொடி. புதியது பதினேழு.

7. என் தம்பி ஒரு சொல் சொல்வான்: "காலி மண்டபத்துல மைக்கு நல்லாத்தான் பேசும்ணே. ஆளு வந்து உக்காந்த பெறகு பேசுதான்னு பாக்கணும்." ஆகவே, பன்னிரண்டு இருக்கைகளிலும் அழைப்பு வந்துகொண்டிருக்கும் வேளையில், அவன் இறந்த அதே மூன்று மணியளவில், ஆய்வைத் திரும்பச் செய்யுமாறு வேண்டினேன். விற்பனையாளருக்கு வேறு ஊர் போக வேண்டும் என்றார்கள். நடுவத்தின் கண்காணிப்பாளர் என்னைத் தனியே அழைத்துப் போய், "உங்க தம்பி பேரச் சொல்லித்தாண்ணே இதையே வாங்க முடியுது. நீங்களே வேணாம்னா எப்படி?" என்றார். குதிரை கீழே தள்ளியதும் அன்றிக் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே பறித்த குழிக்கு என் தம்பியின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

8. சனியும் ஞாயிறும் நான் நடுவத்துக்குப் போனேன். குழு உறுப்பினர் என்பதால் தடுப்பாரில்லை. ஏழாம் இருக்கை அருகே முக்காலி போட்டு அமர்ந்தேன். மூன்று மணி ஐந்து மணித்துளிக்குப் பன்னிரண்டு திரைகளும் ஒருசேர உறைந்தன. உறைந்திருந்த ஆறு மணித்துளியும் நுண்செயலி எவ்வளவு உழைக்கிறது என்பதைத் திருப்புளி திரையின் ஒரு மூலையில் திறந்து காட்டினார். நூற்றுக்கு நான்கு. மறுநாள், விற்பனையாளர் விட்டுச் சென்ற புதிய பெட்டியை அதே இருக்கையில் பூட்டினார். அதுவும் உறைந்தது, ஏழு மணித்துளி. அதன் உழைப்பு நூற்றுக்கு மூன்று. "மூளை தூங்குதுய்யா. வேற மூளை வாங்கினா அதுவும் இங்க வந்து தூங்கும். என்ன, கொஞ்சம் வசதியாத் தூங்கும்" என்றார்.

9. திரை உறைவதற்கான காரணம் இது. தெருப் பட்டியல் நடுவத்தில் இல்லை. தலைமை அலுவலகத்தில் உள்ளது. பன்னிரண்டு இருக்கைகளும் ஒரே கம்பி வழியாக அதைக் கேட்டு வாங்க வேண்டும். நாள்தோறும் மூன்று மணி முதல் நான்கு மணி வரை அதே கம்பி வழியாக அன்றைய பதிவுகள் அனைத்தும் தலைமை அலுவலகத்துக்கு இழுக்கப்படுகின்றன. நான்கு மணிக்கு ஓர் அறிக்கை ஆயத்தமாக வேண்டியிருக்கிறது. அவ்வறிக்கை தங்கள் மேசைக்கு வருவது, ஐயா. அழைப்புகளுக்கு எவ்வளவு விரைவாக விடை தரப்பட்டது என்பதே அதன் தலைப்பு. தாங்கள் இதனை அறிந்திருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். திருப்புளி இருமுறை எழுதியும், பெட்டிகள் பழையன என்ற குறிப்போடு அவர் மடல்கள் கீழேயே நின்றுவிட்டன.

10. இனி, அப்பெண் ஏன் நான்கு முறை கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அழைப்பு ஏற்போர் கையேட்டின் பதினான்காம் விதி இது: "திரை உறைந்திருப்பதை அழைப்பவரிடம் தெரிவிக்கலாகாது. உரையாடல் அறுபடாதிருக்க முகவரியை மீண்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்." ஏழாம் இருக்கையின் பெட்டி தன்னில் தட்டப்பட்ட ஒவ்வோர் எழுத்தையும் நேரத்தோடு குறித்து வைத்திருக்கிறது. நான் அழைத்த இருபத்தெட்டாம் நொடியில் என் தெருப் பெயர் ஓரெழுத்தும் பிழையாமல் தட்டப்பட்டு அனுப்பப்பட்டுவிட்டது. விடை வரப் பத்து மணித்துளி ஆயிற்று. அந்தப் பத்து மணித்துளியும் அவர் விதிப்படி கேட்டார்; நான் வெறுப்போடு சொன்னேன். கவனக்குறைவு என்று குற்றம் சாட்டிய குறிப்பாணையில் ஒலிப்பதிவு மட்டுமே சான்றாகக் காட்டப்பட்டுள்ளது. எழுத்துப் பதிவை எவரும் திறந்து பார்க்கவில்லை.

11. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தந்தை தையற்காரர். என்னைக் கண்டும் அவர் தையற்பொறியை நிறுத்தவில்லை. "எம் பொண்ணக் கல்நெஞ்சக்காரின்னு மைக்குல சொன்னீங்க. இப்ப இல்லன்னு சொல்ல வந்தீங்களாக்கும். அதுக்கும் மைக்கு கட்டிட்டீங்களா, இல்ல என் காதுக்கு மட்டுந்தானா?" என்றார். உள்ளறையிலிருந்து அப்பெண் வந்தார். என் தம்பியின் வயதில் பாதி இருக்கும். "உங்க தெருப் பேரு எனக்கு மொத தடவையே விளங்கிருச்சுய்யா" என்றார். பிறகு, "உங்க தம்பி மூச்சு வாங்குறதும் கேட்டுச்சு" என்றார்.

12. ஐயா, புதிய நுண்செயலி விரைவானது என்பதை நான் மறுக்கவில்லை. உழைப்பவனுக்கு அதை வாங்கித் தருவது அறிவுடைமை. காத்துக் கிடப்பவனுக்கு வாங்கித் தருவது தலைவலிக்குத் தலையணை மாற்றுவது. தலையணை மாற்றுவதால் இங்கே இன்னொரு கேடும் உண்டு. நான் ஒப்பமிட்டால், புதியன வந்திறங்கும் இவ்வெள்ளியன்றே பழைய பன்னிரண்டு பெட்டிகளையும் விற்பனையாளர் மாற்றாகப் பெற்றுக்கொண்டு உடைத்துவிடுவார். அப்பெண் குற்றமற்றவர் என்று சொல்லும் ஒரே வாய் ஏழாம் இருக்கைப் பெட்டியின் வயிற்றில் இருக்கிறது. அந்த எழுத்துப் பதிவுக்கு வேறெங்கும் படி இல்லை. ஆகவே பரிந்துரையில் நான் ஒப்பமிடவில்லை. தங்களிடம் வேண்டுவன:

அ) ஏழாம் இருக்கைப் பெட்டியை இன்றே முத்திரையிட்டு, வியாழன் பத்து மணிக்கு அப்பெண் மீது நடக்கவுள்ள உசாவலில் சான்றாக வைக்க ஆணையிட வேண்டும்.

ஆ) நான்கு மணி அறிக்கைக்கான பதிவுகளை அழைப்புகள் குறைந்த வைகறையில் இழுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். இதற்கு எதையும் வாங்க வேண்டியதில்லை. அதன் பின்னரும் திரை உறையுமானால், பன்னிரண்டு இருக்கையும் நிறைந்த பிற்பகலில், ஒத்திகை பாராத தெருப் பெயர்களைக் கொண்டு ஆய்வு நடத்துங்கள். அன்று புதியது வென்றால் நானே முதலில் ஒப்பமிடுவேன்.

இ) பதினான்காம் விதியை நீக்க வேண்டும். திரை உறைந்திருக்கிறது என்ற உண்மையை அன்று சொல்லியிருந்தால், மூன்று தெரு தள்ளி நின்ற ஊர்தியிடம் நான் ஓடிப் போயிருப்பேன். நாலு மணித்துளித் தொலைவு.

ஈ) அப்பெண்ணின் பணியிடை நீக்கத்தை நீக்க வேண்டும். பழுதுநீக்குநர் மெய் சொன்னமைக்காக அவர்மேல் எந்நடவடிக்கையும் வரலாகாது.

13. என் முதல் முறையீட்டைத் திரும்பப் பெறுமாறு சிலர் சொல்கிறார்கள். பெற மாட்டேன். பெற்றால் அது இல்லாமற் போகும். அப்பெண் பட்டதும் படாதது ஆகிவிடும். அது கோப்பிலேயே இருக்கட்டும். தவறாகக் குற்றம் சாட்டியவன் இவன் என்று அதன் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

14. வியாழன் உசாவலுக்கு எனக்கும் அழைப்பு வந்துள்ளது. குற்றம் சாட்டியவர் என்ற முறையில், அப்பெண்ணுக்கு எதிரே இருக்கும் இருக்கை எனக்கு ஒதுக்கப்பட்டிருப்பதாக அறிந்தேன். அதனை மாற்றி, அவரும் அவருடைய தந்தையும் ஒப்பினால், அவர்கள் பக்கத்தில் நான் அமர ஒப்புதல் அருள வேண்டும். அவர்கள் ஒப்பாவிடில் சுவரோரம் நிற்கிறேன். கேட்டதற்கு மட்டும் விடை சொல்வேன். உரையாற்ற மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

இடம்: தம்பியின் ஒலிபெருக்கிக் கடை
நாள்: உசாவலுக்கு முந்திய செவ்வாய், முற்பகல்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ஒலிபெருக்கி அமைப்பாளரின் அண்ணன்

இணைப்பு: 1. கையேட்டின் பதினான்காம் விதி, படி.
2. ஒப்பமிடப்படாத பரிந்துரைத் தாள், மூலம்.