மூடிய வாயில் ஒரு மூச்சு

ஹாலிவுட்,
ஜனவரி 16, 1956

அன்புள்ள எஸ்ஸி,

கையில் காப்பிக் கோப்பை இருந்தால் கீழே வைத்துவிட்டு மேலே படி. உன் அக்கா பாட்டுப் படத்தில் நடிக்கப்போகிறாள். சிரிக்காதே. நியூயார்க் மேடையில் புருஷனுக்கு விஷம் வைத்தவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பைத்தியம் பிடித்த ராணி என்று இத்தனை வருஷமாக அழுதே பிழைத்தவள், இப்போது ஓஹையோ ஆற்றில் படகுத்துறை நடத்தும் விதவையாக வந்து, ஆறு பாட்டுப் பாடி, கடைசியில் கல்யாணமும் செய்துகொள்ளப்போகிறாள்.

உள்ளதைச் சொன்னால், அழுகைப் பாத்திரங்களுக்கு என்னைவிட இளசுகள் வந்துவிட்டார்கள். நாற்பது தாண்டியவளுக்குத் திறந்திருக்கும் கதவு இது ஒன்றுதான். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டேன். என் பாட்டை நான்தான் பாடுவேன், எவளோ ஒருத்தியின் தொண்டையை என் வாயில் ஒட்டுவதாக இருந்தால் ஆளை விடுங்கள் என்றேன். தயாரிப்பாளர் நெஞ்சில் கை வைத்து, "உங்க குரலுக்காகத்தானே உங்களையே கூப்பிட்டோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்திலிருந்து உனக்குப் போன் செய்து கூத்தடித்தேனே, அது அவர் வீடுதான். டெலிபோனில் நம் இருவரையும் அம்மாவுக்கே பிரித்துத் தெரியாது என்று பெருமையடித்தேன். யாரும் நம்பவில்லை. அதனால்தான் உன்னை அழைத்து, நான் ஒரு வரியும் நீ ஒரு வரியுமாகப் பேசிக் காட்டினோம். மேஜையே சிரித்தது. உன்னைத் துதிப்பாட்டுப் பாடச் சொன்னவர் ஸ்டூடியோவின் இசைப் பிரிவுத் தலைவர் லாங்ஸ்ட்ரெத். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிகரெட்டை வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். பாட்டு தெரிந்தவர் போலிருக்கிறது.

அம்மாவுக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரர் கிளைட்டுக்கு என் அன்பு.

உன் வின்னி

•

டேட்டன், ஓஹையோ,
பிப்ரவரி 2, 1956

அன்புள்ள வின்னி,

நீ சொன்னபடி காப்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் படித்தேன். அது ஆறியே போய்விட்டது. அம்மா இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னாள். அவள் பார்வை இன்னும் மோசம். எதிரே நிற்பது நானா கிளைட்டா என்பதுகூட வாசம் பிடித்துத்தான் தெரிகிறது. கிளைட்டிடம் அவருடைய இரும்புக் கடையின் ஆணி வாசம், என்னிடம் வெங்காய வாசமாம். காது மட்டும் பூனைக் காது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நம் வீட்டில் நடிப்பு உனக்கு, பாட்டு எனக்கு என்று அப்பா சின்ன வயதிலேயே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். உன் பங்கோடு நீ நியூயார்க் போனாய். என் பங்கோடு நான் லூத்தரன் தேவாலயத்துப் பாடகர் குழுவில் நிற்கிறேன். இப்போது அதிலும் கை வைக்கிறாயாடி? விளையாட்டுக்குத்தான் கேட்கிறேன். பாதி விளையாட்டுக்கு.

பாடப்போகிறவளுக்கு ஒரு புத்திமதி. நான் செய்யும் தப்பை நீ செய்யாதே. வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்காதே. கக்குவான் இருமல் வந்த வருஷத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம், என்னை இன்னும் விடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும்.

உன் எஸ்ஸி

•

ஹாலிவுட்,
மார்ச் 9, 1956

அன்புள்ள எஸ்ஸி,

பதிவு முடிந்துவிட்டது. இங்கே முதலில் பாட்டைப் பதிவு செய்துவிடுவார்கள். பிறகு அதை ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைத்து நடிக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாங்ஸ்ட்ரெத்தும் ஆட்களும், இந்தப் பக்கம் நானும் வாத்தியக்காரர்களும். கேட்டால் நம்ப மாட்டாய். ஒவ்வொரு பாட்டும் முதல் தடவையிலேயே சரியாகிவிட்டது. "அருமை, அடுத்ததுக்குப் போகலாம்" என்பார்கள். நானே இன்னொரு முறை பாடிப் பார்க்கிறேன் என்றேன். தேவையே இல்லை என்று விளக்கை அணைத்துவிட்டார்கள். அப்பா பங்கு பிரித்ததில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறதடி.

உன் வின்னி

•

டேட்டன்,
மார்ச் 20, 1956

அன்புள்ள வின்னி,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் தடவை, அணைத்த விளக்கு இதெல்லாம் வரும் இடத்தை மட்டும் எனக்குள் இன்னொரு முறை படித்துக்கொண்டேன். நான் நடத்தும் தேவாலயக் குழுவில் நாலு வரித் துதிப்பாட்டுக்கே ஒரு சாயங்காலம் முழுக்கத் தொண்டை வறள வைப்பேன். முதல் தடவையிலேயே போதும் என்று நான் சொன்னது ஒரே ஒருத்தரிடம்தான், காது கேட்காத திருமதி பெக்கரிடம். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போடவில்லை. அந்தப் பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லி நீ ஒருமுறை கேட்டுவிடு.

அந்த லாங்ஸ்ட்ரெத் எப்படிப்பட்ட மனிதர்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் எஸ்ஸி

•

ஹாலிவுட்,
ஏப்ரல் 27, 1956

அன்புள்ள எஸ்ஸி,

நீ என் வாயில் சர்க்கரை போடாவிட்டாலும், வேப்பெண்ணெயாவது ஊற்றாமல் இரு. பதிவு என் காதில் தினமும்தான் விழுகிறது. படப்பிடிப்பில் என் குரலுக்கு நானே வாயசைக்கிறேன். அது என் குரலேதான். கொஞ்சம் கரகரப்பு, இரண்டு இடத்தில் தள்ளாட்டம். இருக்கட்டுமே. படகு தள்ளுகிற விதவை குயில் மாதிரியா பாடுவாள்?

லாங்ஸ்ட்ரெத்தை ஏன் கேட்கிறாய்? முன்பெல்லாம் நின்று பேசுவார். இப்போது என்னைக் கண்டால் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்க்கிறார். உடையலங்காரம் செய்யும் கிழவி ஹில்டா நேற்று என் கன்னத்தைத் தட்டி, "பாவம்மா நீ" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, இடுப்புப் பட்டி இறுக்கமாக இருக்குமே என்றாள். பட்டி இறுக்கமாக இல்லை.

வெயிலில் நின்று களைத்துவிட்டேன். வேறொன்றுமில்லை.

உன் வின்னி

•

டேட்டன்,
ஜூன் 11, 1956

அன்புள்ள வின்னி,

அவசரத்தில் எழுதுகிறேன். சிகாகோவில் பாடகர் குழுத் தலைவிகளுக்குப் பயிற்சி முகாம். சில வாரங்கள் ஆகும். அம்மாவைக் கிளைட்டின் தங்கை பார்த்துக்கொள்வாள். அங்கே விலாசம் நிலையில்லை, அதனால் எழுதாதே. போனும் செய்யாதே.

உனக்கு நல்லதே நடக்கட்டும் அக்கா. நான் எது செய்தாலும் உனக்குக் குறைந்த கெடுதல் எது என்று பார்த்துத்தான் செய்வேன். இதை நினைவில் வைத்துக்கொள்.

எஸ்ஸி

•

ஹாலிவுட்,
செப்டம்பர் 22, 1956

எஸ்ஸி,

நேற்று பாசடீனாவில் படத்தை முன்கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பாட்டு வந்தது. படகுத்துறையில் நான் நிற்கிறேன். குரல் வந்தது. கரகரப்பு இல்லை, தள்ளாட்டம் இல்லை. இயந்திரத்தில் போட்டு மெருகேற்றியிருக்கிறார்கள் என்று நினைத்து, அசடு மாதிரி பூரித்துப்போனேன்.

முதல் வரி முடியும் இடம். கடைசிச் சொல்லுக்கு முன்னால் திரையில் என் வாய் மூடியிருக்கிறது. மூடிய வாயிலிருந்து ஒரு மூச்சு கேட்டது.

அடுத்த வரியிலும் கேட்டது. அந்த மூச்சோடு ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள் நான். நீ இருமும்போதெல்லாம் நின்றுவிடுமோ என்று பயந்து, அதை எண்ணிக்கொண்டே விழித்திருப்பேன். படம் முடிந்ததும் அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. தயாரிப்பாளர் என்னைக் கட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, சொன்னேனில்ல" என்றார். என் பதிவு எங்கே என்றேன். ஆரம்பத்திலிருந்தே அது நான் வாயசைப்பதற்காக மட்டும் செய்தது என்றும், இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்றும், எனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்ததாகவும் லாங்ஸ்ட்ரெத் தன் சப்பாத்திடம் சொன்னார். யார் பாடினார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு வார்த்தை எழுது. அது நீயா?

வின்னி

•

டேட்டன்,
செப்டம்பர் 29, 1956

அன்புள்ள அக்கா,

நான்தான்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை எழுதுவதே குற்றம். மார்ச்சில் லாங்ஸ்ட்ரெத் போன் செய்தார். உன் பாட்டு தேறவில்லை, எப்படியும் வேறொருத்தி பாடத்தான் போகிறாள் என்றார். "உங்க அக்கா வாயில ஊர் பேர் தெரியாத ஒரு குரல் வரணுமா, உங்க குரல் வரணுமா? நீங்களே சொல்லுங்க" என்றார். ஜூன் வரை முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு சரி என்றேன். சிகாகோ என்றது பொய். உன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் தங்கவைத்தார்கள். ஒரு நாள் உன் காரைப் பார்த்துக் கடைக்குள் ஒளிந்துகொண்டேன்.

இருட்டறையில் உன் முகத்தைச் சுவரளவுக்குப் போடுவார்கள். உன் வாய் திறக்கும்போது நான் பாட வேண்டும். எத்தனையோ தடவை, சரியாகும்வரை. என்னை ஒருபோதும் முதல் தடவையில் விடவில்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் அது பாதிதான். எனக்கு ஆசையாகவும் இருந்தது வின்னி. என் குரல் தேவாலய வாசற்படியைத் தாண்டியதே இல்லை. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னை அடித்தாலும் திட்டினாலும் சரி, பதில் மட்டும் போடு.

உன் எஸ்ஸி

•

டேட்டன்,
நவம்பர் 25, 1956

அன்புள்ள அக்கா,

நீ பதில் போடவில்லை. போட மாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

படம் இங்கே வந்துவிட்டது. அம்மா ஒற்றைக் காலில் நின்று என்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். திரை அவளுக்கு வெறும் வெளிச்சம்தான். காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகுத்துறைப் பாட்டு வந்ததும் என் கையைப் பிடித்தாள். அவள் அழுவதை அப்பா சாவுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"உன் அக்கா இப்படிப் பாடுவான்னு தெரியாமப் போச்சே எஸ்ஸி" என்றாள். "இத்தனை நாளா உன்னைத்தான் பாட்டுக்காரின்னு நெனச்சிட்டிருந்தேன்."

என் வாய்க்குப் பூட்டு. உனக்கு இல்லை. நீ எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம். கிளைட்டைத் தவிர யாருக்கும் தெரியாமலே நான் செத்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் சொல். இந்தக் குளிர்காலம் அவளுக்குத் தாங்காது என்கிறார் டாக்டர்.

எஸ்ஸி

•

ஹாலிவுட்,
டிசம்பர் 12, 1956

அன்புள்ள எஸ்டெல்,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. எனக்கு உன்மேல் கோபம். ஆறிவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் அந்நியர்கள். நீ சொல்லியிருக்கலாம்.

படம் நன்றாக ஓடுகிறது. அடுத்ததற்கும் என்னையே கேட்டார்கள், அதிலும் பாட்டுகள் உண்டு. எனக்கு வேறு கதவு இல்லை என்று ஜனவரியிலேயே உனக்கு எழுதினேன். போன வாரம் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நீ போட்ட அதே மாதிரிக் காகிதத்தில். ஆகவே நீ கேட்டதை இனி நானும் சொல்ல முடியாது. வசந்தத்தில் உன்னைக் கூப்பிடுவார்கள். வா. நான் எந்தத் தெருவில் காரோட்டுகிறேன் என்று பார்த்து ஒளிய வேண்டாம், நான் உன்னைப் பார்க்க மாட்டேன்.

அம்மா போன் செய்தாள். படகுத்துறைப் பாட்டைப் பாடச் சொன்னாள். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். அப்படியானால் கிறிஸ்துமஸ் அன்று பாடு, அதுவரை நான் இருப்பேன் என்றாள். என்னால் மறுக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கிளைட்டின் கடைக்குப் போ. அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய். வெளியூர் அழைப்பு என்றால் முதலில் ஆபரேட்டர் குரல் வர வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் காது கண்டுபிடித்துவிடும். கடையில் வேலை செய்யும் பெண்ணை அன்று வரச் சொல்லி நிறுத்திவைத்து, "கலிஃபோர்னியாவிலிருந்து கூப்பிடறாங்க" என்று சொல்லச் சொல். வேறெதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம். பிறகு நீ பேசு. வின்னி பேசுகிறேன் என்று சொல். அவள் கேட்கிற பாட்டைப் பாடு. கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்கினாலும் பாதகமில்லை, அது என் மூச்சு என்றுதான் இப்போது அவளுக்குத் தெரியும்.

நான் போன் செய்ய மாட்டேன். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. ஒரே குரலில் இரண்டு பேர் கூப்பிட்டால் அம்மாவுக்குக் குழப்பமாகிவிடும்.

வினிஃப்ரெட்