உயரமான சிஸ்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் அதே கேள்வி. "அந்தச் சின்ன சிஸ்டர் இல்லையா?" கால் முறிந்து வந்தவரின் மகன் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்கிறான். நான் நல்ல உயரம் வேறு, எட்டிப் பார்க்கப் படாத பாடு பட்டான். அவன் அப்பாவுக்கு ஊசி போட்டது நான். கட்டுப் போடும்போது காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவசர சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருடமாக நிற்கிறேன், அவன் கண்ணுக்குத் தூணாகத் தெரிகிறேன் போலிருக்கிறது.

அந்தச் சின்ன சிஸ்டர் வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. மனதுக்குள் நான் அவளுக்கு வைத்திருக்கும் பேர் சக்கரைக்கட்டி.

மார்ச் 6, வியாழன்

அவள் அப்படி என்னதான் செய்கிறாள்? அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்துகொண்டு வெளியே காத்திருப்புக் கூடத்துக்குப் போகிறாள். ஒவ்வொரு குடும்பத்திடமும் நின்று, "புதுசா ஒண்ணும் இல்லைங்க. டாக்டர் பார்த்துக்கிட்டுதான் இருக்கார். இன்னும் அரை மணியில வர்றேன்" என்கிறாள். அவ்வளவுதான்! சொல்ல ஒன்றும் இல்லை என்பதைச் சொல்ல ஒரு நடை. அதற்கு அந்த ஜனங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உருகுகிறார்கள். இங்கே உள்ளே ரத்தம் துடைக்கிறவளை யாருக்குத் தெரியும்?

கூடத்து மேசையில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு கருத்து நோட்டு கிடக்கிறது. குடும்பத்தார் எழுதிவிட்டுப் போகலாம். டியூட்டி முடிந்து கிளம்பும்போது தினமும் புரட்டுவேன், ஒளிப்பானேன். சின்ன சிஸ்டர் அன்பானவர், சின்ன சிஸ்டர் எங்கள் வீட்டுப் பெண் போல— பக்கத்துக்குப் பக்கம் அவள்தான். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, போன மழைக்காலத்தில் யாரோ எழுதியது: "உயரமான சிஸ்டர் எரிந்து விழுகிறார்."

இன்று அவளுக்கு ஒரு முழுப் பக்கம். படித்தேன். அடுத்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டி வைத்துவிட்டு வந்தேன். அற்பத்தனம்தான். தெரிந்தேதான் செய்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

"என்ன, இன்னைக்கும் அவ புராணமா?" என்றார் வீட்டுக்காரர். துணி மடித்துக்கொண்டே பத்து நிமிடமாகப் பேசியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"உனக்குப் பொறாமைடி."

"பொறாமையா? எனக்கா? அவ மேலயா?"

நான் இப்படி அடுக்கிக் கேட்டால் பொய் என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

சரி, பொறாமைதான். வயிறு எரிகிறது. எழுதியாச்சு, போதுமா?

மார்ச் 13, வியாழன்

"அக்கா, நரம்பே கிடைக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்று வந்து நின்றாள். போனேன். ஒரே குத்து, ஏற்றியாயிற்று. "நான் சொன்னேன்ல, அக்கா கை அக்கா கைதான்" என்று படுத்திருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொல்கிறாள். அந்தப் பெண் நன்றி சொன்னது அவளிடம். நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாளே.

மார்ச் 18, செவ்வாய், காலை

சக்கரைக்கட்டிக்கு இன்று லீவு. இன்றைக்குக் கூடத்துக்கு நான் போகிறேன். பார்க்கலாம்.

அன்றே, வீட்டுக்கு வந்தபின்

நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தார். பஸ் டிரைவர், ஐம்பது வயதிருக்கும். வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது, அவசரத்தில் கத்தரியால் வெட்டி எடுத்தேன். "புதுச் சட்டை, சிஸ்டர்" என்று முனகினார். "ஆமா, இப்ப சட்டைதான் முக்கியம்!" என்று கூட வந்த மனைவி அதட்டினாள்.

ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் ரத்த டெஸ்டிலும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுத்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்த விஷயம்.

கூடத்துக்குப் போனேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். புதுசா ஒண்ணும் இல்லைங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது சக்கரைக்கட்டியின் வசனம். எனக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது.

"பயப்படாதீங்கம்மா. டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம். அவர் போட்டுக்க ஒரு சட்டை எடுத்துட்டு வந்துடுங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையை! உள்ளே போய் அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்று பத்துக்கு அவர் இதயம் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். திரும்பவில்லை.

நாலேகாலுக்கு அந்த அம்மா வந்தாள், கையில் ஒரு பையோடு. "இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன் சிஸ்டர், அதான் லேட்டு."

அய்யோ, நான் ஏன் சொன்னேன்? என்னை யார் சொல்லச் சொன்னது? முடியல.

மார்ச் 19, புதன்

அவர் பிழைத்திருக்க மாட்டார், அது வேறு. டாக்டரும் அதையேதான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மா பக்கத்தில் இருந்திருப்பாள். அவர் கண் கடைசியாகக் கதவைத்தான் பார்த்தது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. போயும் போயும் சக்கரைக்கட்டியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். "அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சக்கரை, எனக்கு மட்டும் இது.

மார்ச் 21, வெள்ளி

எனக்குப் புத்தி சொல்ல இவள் யார்?

மார்ச் 27, வியாழன்

இறப்புச் சான்றிதழுக்கான காகிதம் வாங்க அந்த அம்மா வந்திருந்தாள். "உயரமான சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்பது என் காதில் விழுந்தது. இத்தனை நாளில் முதன்முறையாக ஒருவர் என்னைத் தேடி வருகிறார். நான் மருந்து அறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். சக்கரைக்கட்டி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை. போனேன்.

"கடைசியா அவர்கிட்ட சிரிச்சுப் பேசிட்டுப் போனேன் சிஸ்டர். நீங்க சொன்ன நல்ல வார்த்தையாலதான். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு…" என் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.

இதற்குத்தானே இத்தனை நாளும் ஏங்கினேன். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், நோட்டிலும் எழுதிவிட்டுப் போவாள்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. இன்னொரு டெஸ்ட் பாக்கி இருந்துச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். உங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு சொன்னேன். நான் சொல்லலேன்னா நீங்க வீட்டுக்குப் போயிருக்க மாட்டீங்க."

கையை விட்டாள். "சட்டையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேனே" என்றாள். திரும்பவும் அதையே சொன்னாள். பிறகு கூடத்தில் போய் உட்கார்ந்து நோட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். எழுதி முடிக்கும்வரை நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

நோட்டைத் திறக்கவில்லை. நேற்றும் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

கூடத்தில் கூட்டம். சக்கரைக்கட்டி ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. "புதுசா ஒண்ணும் இல்லைங்க. இன்னும் அரை மணியில வர்றேன்." எதிரே நிற்கிறவர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பெரியவர் என்னிடம், "சின்ன சிஸ்டர் இந்தப் பக்கம் வரமாட்டாங்களா?" என்றார். சுருக்கென்றது. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? சுருக்கென்றுதான் இருந்தது.

டியூட்டி முடிந்து நோட்டைத் திறந்தேன். மூன்று பக்கம் பின்னால் போக வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் உட்கார்ந்து அந்த அம்மா எழுதியிருந்தது இரண்டே வரி.

"உயரமான சிஸ்டர் எனக்கு உண்மையைச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து."

வெற்றுப் பக்கத்துக்குப் புரட்டக் கை போனது. புரட்டவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துவிட்டு வந்தேன்.