பரணுக்குப் போன ராகி மாவு

செவ்வாய், இரவு

அடுப்படியில் ராகி மாவு டப்பா இல்லை. அம்மா அதைப் பரணில் ஏற்றியிருந்தாள். சேலத்திலிருந்து வரும்போது பஸ்ஸில் அவள் ஏன் பேசவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இன்று அங்கே ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில், முன்பு ஆபரேஷனில் எனக்கு வைத்த இதய வால்வில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. கால்சியம் படிகிறது, சில வருடத்தில் வால்வை மாற்ற வேண்டிவரும் என்றார் டாக்டர். டாக்டரிடம் எப்போதும் அம்மாதான் பேசுவாள்; அவள் மாத்திரை வாங்கப் போனதும் நான் கேட்டேன்.

"சாப்பாட்டாலயாங்க சார்?"

"அட, உனக்குப் பேச வருமா!" என்று சிரித்தார். "சாப்பாட்டால இல்லம்மா. அது மாட்டுச் சவ்வுல செஞ்ச வால்வு. கெட்டுப்போகாம இருக்க மருந்துல ஊறவெப்பாங்க. அந்த மருந்தோட மிச்சம்தான் ரத்தத்துல இருக்கற கால்சியத்த இழுக்குது."

"புதுசும் இப்படி ஆகுங்களா?"

"இப்பல்லாம் அந்த மிச்சத்தப் போக்கிட்டுத்தான் வெக்கறாங்க. மெதுவாப் படியும். வரவே வராதுன்னு சொல்லமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"கால்சியம், சத்துன்னு ராகிக் களிய நாந்தான சாமி தின்ன வெச்சேன்" என்று அம்மா அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கடைசி வார்த்தையையும் சொன்னேன்.

"என் மனசு தேறட்டும்னு சொல்றியா?"

நான் பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஏறாதடி, வுழுந்து வெப்ப!"

ஏறி, டப்பாவை இறக்கி, அடுப்புப் பக்கத்தில் வைத்தேன்.