தப்பான சந்துக்குப் போன வண்டி

நேற்று சித்திரை முதல் நாள். தீயணைப்போர் தினமும் அன்றைக்கேதான் வந்தது. காலையில் தில்லி கோல் மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். சீருடையில் வந்த ஒரு பெண் என் சட்டையில் சின்னக் காகிதக் கொடியைக் குத்தினாள். நானும் அந்தத் துறையில்தான் இருந்தேன் என்று ஹிந்தியில் சொன்னேன். எத்தனை தீயை அணைத்திருக்கிறீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள். ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். உன்னைக் கேட்டிருந்தால் அரை மணி நேரம் அளந்திருப்பாய். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் உன்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை.

கரோல் பாக் மாடியறையில் ஒன்றாகத் தங்கியிருந்தோம், ஆள்தேர்வுக்கும் ஒரே நாளில் போனோம். துறை அப்போது மாநகராட்சியின் கையில் இருந்தது. நீ ஏணி ஏறினாய், தேறினாய். நானும்தான் ஏறினேன். கண் பரிசோதனையில் என்னைக் கழித்துவிட்டார்கள். உனக்கு வண்டி, எனக்குக் கண்ட்ரோல் ரூம் தொலைபேசி. தில்லியில் எங்கே தீப்பிடித்தாலும் முதல் அலறல் என் காதில்தான் விழும். முகவரி வாங்கி, பக்கத்து நிலையத்தில் மணி அடிக்க வைப்பேன். அதற்குப் பிறகு எல்லாம் உன்னுடையது. கடைக்காரர்கள் உனக்கு லஸ்ஸி கொடுப்பார்கள், பேப்பரில் உன் படம் வரும். கரி அப்பிய முகத்தோடு நீ மெஸ்ஸுக்குள் நுழைந்தால் எல்லாரும் நகர்ந்து இடம் விடுவார்கள். எனக்கு வயிறு எரியும். துறை தில்லி அரசின் கைக்கு மாறியது, நிலையங்கள் பெருகின, நீ ஸ்டேஷன் ஆபீசர் ஆனாய். நான் அதே நாற்காலியில் இருந்தேன்.

அந்த மே மாத மத்தியானம் ஒருவன், பதின்மூன்றாம் நம்பர் சந்து, அட்டைப்பெட்டி கோடவுன் என்று கத்தினான். அந்த நம்பரில் சந்து தில்லியில் பேட்டைக்குப் பேட்டை உண்டு. எந்தப் பேட்டை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் போனை வைக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். நான் கேட்கவில்லை. நாம் குடியிருந்த கரோல் பாக் என்றே நினைத்து உன்னை அனுப்பினேன். அடுத்த அழைப்பில்தான் தெரிந்தது, எரிந்தது பஹாட்கஞ்சில். நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதற்குள் கோடவுன் சாம்பல். நல்லவேளை, ஆள் சேதம் இல்லை. பதிவேட்டில் முதல் அழைப்புக்கு நேராகவே பஹாட்கஞ்ச் என்று எழுதிவைத்தேன்.

விசாரணையில் நீ என் பக்கமே திரும்பவில்லை. கண்ட்ரோல் ரூம் சரியாகத்தான் சொன்னது, வண்டியைத் தப்பான சந்துக்கு விட்டது நான்தான் என்றாய். அந்த வருஷம் மெடலுக்குப் போயிருந்த உன் பெயர் திரும்பி வந்தது. சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் பிறகுதான் வந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று டீக்கடையில் கேட்டேன்.

"உன்னை அங்கேருந்து தூக்கிட்டா, வேற எவன் குரலை நம்பிடா நான் வண்டில ஏறுவேன்? அச்சா, ஜல்தி குடி" என்றாய்.

என் வேலையைப் பற்றி யாரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதையும் நீயேதான் சொல்ல வேண்டியிருந்ததா?

இப்போது துறையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம், பழைய அதிகாரிகளுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். உன் பக்கத்தை ஹிந்தியில் எழுதித் தரச் சொல்லி உன் மகள் போன வாரம் வந்தாள். அப்பாவின் ரெகார்டில் அந்த ஒரு தப்பு மட்டும் ஏன் என்று கேட்டாள். மார்க்கெட் கூட்டம், குழம்பிவிட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நேற்று மத்தியானம் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்தேன். சும்மா விட்டால் புத்தகத்தில் நீ வழி தெரியாத அதிகாரி. உண்மையை எழுதினால் நான் பொய்க் கணக்கு எழுதியவன், நீ நண்பனுக்காக மெடலை விட்டவன். ரொம்ப நேரம் கழித்து உண்மையையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை உன் மகள் அதை வாசலிலேயே நின்று படித்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா எவ்ளோ பெரிய ஆளு, இல்ல அங்கிள்?" என்றாள்.

ஆமாம் என்றேன். சொல்லும்போதுகூட வயிறு எரிந்ததடா.