தானே விலகிய தோணி

அன்புள்ள மச்சான்,

நேற்றுக் காத்தான்குடிக்குப் போயிருந்தேன். நம் பாய்த்தோணிக் கழகத்துக்குப் புதிய கொடிகள் தைக்க வேண்டியிருந்தது. உன் கடையில் இப்போது உன் தம்பிதான் இருக்கிறான். கோடித் துணிக் கட்டு ஒன்றை மேலிருந்து இறக்கி, முழக்கோலால் அளந்து, ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் கிழித்தான். கஞ்சியும் பஞ்சுத் தூசும் கலந்த வாசம் எழுந்தது. உன் தோணிக்கு முதன்முதல் பாய் தைத்த நாட்களில் உன் சட்டையிலும் கையிலும் இதே வாசம்தான் இருக்கும். தம்பி என்னமோ விலை சொன்னான். நான் கேட்கவில்லை. உன்னோடு பேசி நெடுநாளாகிவிட்டதென்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

உலக யுத்தம் முடிந்த செய்தியை நீ கேட்டுவிட்டுத்தான் போனாய். அதன் பிறகு ஆற்றில் மறுபடியும் பாய்கள் விரிந்தது உனக்குத் தெரியாது. விரிந்திருக்கின்றன. சனிக்கிழமை பின்னேரங்களில் புளியந்தீவு இறங்குதுறையில் சனம் கூடுகிறது. பழைய தோணிகள் பாதி உக்கிப்போயின. புதியவர்கள் புதிய தோணிகளோடு வந்திருக்கிறார்கள். போட்டியைத் தொடக்கிவைக்கும் வேலை இன்னும் என்னிடந்தான். தோணியில் ஏறினால் தலை சுற்றுகிற ஒருவனுக்குக் கரையில் தரக்கூடிய பதவி அது ஒன்றுதான் என்று நீ சொல்வாய்.

வெள்ளைக்காரத் துரைமார் மாற்றலாகிப் போனபோது இரண்டு படகும், ஓட்டு வீடொன்றும், விதிப் புத்தகம் ஒன்றும் நம்மிடம் வந்து சேர்ந்தன. படகுகளால் தொல்லையில்லை. தொல்லையெல்லாம் புத்தகத்தால்தான். அதை வாசிக்கத் தெரிந்த, கந்தோரில் குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்குப் பாய் பிடிக்கத் தெரியாது. பாய் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேருக்கு இங்கிலிஷ் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போட்டி ஆற்றில் தொடங்கிக் கரையில் சண்டையாக முடியும். விதிகளைத் தமிழில் எழுதிவிடுவோம் என்று நீதான் சொன்னாய். வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து நீ வந்ததும் உன் கடையின் பின்னறையில் துணிக் கட்டுகளுக்கிடையே உட்காருவோம். நான் வாசித்துப் பொருள் சொல்வேன். நீ அதை வாயில் போட்டு மென்று பார்ப்பாய்.

வலப்பக்கத்தால் காற்று வாங்கிவரும் தோணிக்கு, இடப்பக்கத்தால் வாங்கிவரும் தோணி வழிவிட வேண்டும். எல்லாச் சண்டைக்கும் மூலம் அந்த ஒரு விதிதான். நான் அதை 'வலப்புறமாகக் காற்றினைப் பெற்றுச் செல்லும் கலம்' என்று எழுதினேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இதச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தோணியும் இடிச்சிரும் மச்சான்."

அப்படித்தான் 'வலக்காற்று' என்றும் 'இடக்காற்று' என்றும் இரண்டு சொல் பிறந்தன. ஒரு மாதத்துக்குள் ஆற்றில் போகிற மீன்பிடித் தோணிக்காரர்களும் "வலக்காற்று, வலக்காற்று" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஒரேயொரு விதிக்கு மட்டும் நீ பெரிய தமிழ் கேட்டாய். பிழை செய்த தோணியை மற்றவர்கள் பார்க்காவிட்டால் என்ன செய்வது என்பது பற்றிய விதி அது. 'தான் பிழை செய்ததை அறிந்த தோணி தானே விலகக் கடவது' என்று எழுதினோம். அந்தக் 'கடவது' உனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

தொடக்கத்துக்கு வெள்ளைக் கொடி ஏறும். பிறகு நீலக் கொடி ஏறும். இரண்டும் ஒன்றாக இறங்கும்போது வெடி போடுவோம். கொடிமரத்துக்கும் பீப்பாய் மிதவைக்கும் நடுவே உள்ள தொடக்கக் கோட்டினை அதற்கு முன் தாண்டியவனை மணியடித்துத் திருப்பி அழைப்பேன். வெடிச்சத்தம் பிந்திக் கேட்டது, அதனால்தான் பிந்திப் புறப்பட்டேன் என்று ஒருமுறை சாமித்தம்பிப் போடியார் என்னோடு வாதாடினார். கொடிதான் கணக்கு, சத்தம் கணக்கில்லை என்று நீ குறுக்கே சொன்னாய். ஆற்றுக்கு மேற்கே படுவான்கரையில் பாதி வயல் தன்னுடையதென்ற எண்ணத்தில் நடக்கிற மனிதர் அவர். முழக்கோல் பிடிக்கிற கைக்குச் சுக்கான் எதற்கு என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசுவதில்லை. ஆற்றில் மட்டும் ஒருவரையொருவர் தேடித் தேடிச் சந்திப்பீர்கள்.

தொடர்ந்து மூன்று வருடம் வென்றவன் வெள்ளிக் கிண்ணத்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது துரைமார் காலத்து வழக்கம். நீ இரண்டு முறை வென்றிருந்தாய். மூன்றாவது வருடம் அந்தச் சனிக்கிழமை வந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று காலையிலிருந்தே சூடாக வீசிக்கொண்டிருந்தது. நீ பாய்க் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது துறைக்கு ஒரு மாட்டு வண்டில் வந்து நின்றது. உன் வாப்பா இறங்கினார். வியாபாரியின் மகன் காற்றோடு விளையாடிக் காலத்தைப் போக்குகிறான் என்று அத்தனை வருடமும் அந்தப் பக்கமே வராதவர், வாகை மரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். நீ அவரைப் பார்த்தாய். அவர் உன்னைப் பார்க்காததுபோல் ஆற்றைப் பார்த்தார். நீ ஏற்கெனவே போட்ட முடிச்சொன்றை அவிழ்த்து மறுபடியும் முடிந்துவிட்டுத் தோணியில் ஏறினாய்.

முதல் மிதவை படுவான்கரைப் பக்கம் இருந்தது. எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து ஏறித்தான் அதைச் சுற்ற வேண்டும். தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் போடியாரும் ஒரே நேரத்தில் மிதவையை நெருங்கினீர்கள். பாயோடு பாய் மறைத்து ஒன்றும் தெரியவில்லை. பாய்கள் பிரிந்தபோது நீ முன்னால் வந்துகொண்டிருந்தாய். போடியாரின் பாய்மரத்தில் சிவப்புத் துணி பறந்தது. உன்மேல் முறைப்பாடு இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கரையில் நின்ற சனம் முணுமுணுத்தது. தோற்கிறவர் கொடி பிடிப்பது வழக்கந்தான் என்று யாரோ சொன்னார்கள். வாப்பா என்னைக் கூப்பிட்டு அந்தச் சிவப்பு என்னவென்று கேட்டார். நான் விளங்கப்படுத்தினேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் ஆற்றைப் பார்த்தார்.

இரண்டாவது மிதவையையும் சுற்றிக் கடைசி ஓட்டத்தில் நீ வெகுதூரம் முன்னால் வந்தாய். கோட்டுக்குக் கல்லெறிகிற தூரந்தான். வெடி போடுகிறவன் திரியைக் கையில் எடுத்துவிட்டான். அப்போது பெருங்காற்றொன்று ஆற்றைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. உனக்குப் பின்னால் போடியாரின் தோணி ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்தது. அவரோடு தோணியில் வந்த மைத்துனர் நீந்தி வெளியே வந்து கத்தினார். போடியாரைக் காணவில்லை. பாய் தண்ணீரின் மேல் விரிந்து கிடந்தது. அவர் அதற்குள் அகப்பட்டிருந்தார்.

நீ திரும்பிப் பார்த்ததையும் சுக்கானைத் திருப்பியதையும் நான் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே நடந்தன. பாயை இறக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தாய். கத்தியால் துணியைக் கிழித்து அவரைத் தலைமுடியில் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாய். அதற்குள் மற்றத் தோணிகள் ஒவ்வொன்றாகக் கோட்டைத் தாண்டின. தபால் கந்தோர்ப் பொடியன்களின் தோணிக்கு வெடி போட்டோம். அவர்கள் அதுவரை எதிலும் முதலாவதாக வந்ததில்லை. வெடி தங்களுக்கில்லையென்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நீ கடைசியாக வந்தாய், தோணியில் போடியாரைக் கிடத்திக்கொண்டு.

ஆபத்தில் இருப்பவருக்கு உதவப்போன தோணி அதனால் தன் இடத்தை இழக்காது என்றும் நம் விதியில் எழுதியிருந்தோம். ஆகவே கிண்ணம் உனக்குத்தான். இனி எந்நாளும் உனக்குத்தான். சனமும் அதைத்தான் கேட்டு நின்றது. ஆனால் கொடி காட்டிய முறைப்பாட்டைப் பொழுது சாய முன்னர் விசாரிக்க வேண்டும். கழக வீட்டில் மேசை போட்டு உட்கார்ந்தேன். என்னோடு விசாரிக்க, போட்டியில் தோணி இல்லாத இரண்டு பேர் இருந்தார்கள். கதவடியில் சனம். வாப்பாவும் நாற்காலியோடு உள்ளே வந்துவிட்டார். போடியார் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார். நான் வாய் திறக்க முன்னமே அவர் பேசினார்.

"தம்பி, அந்தக் கொடிய நான் பிடிச்சதெண்டு எழுதாத. என்னத் தண்ணிக்குள்ளால தூக்கின மனிசன்ர பேரில வழக்கு வைக்க நான் ஆள் இல்ல."

எனக்கு மனப்பாரம் இறங்கியது. முறைப்பட்டவர் விரும்பினால் முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கலாம். விதி இடம் கொடுக்கிறது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று நான் பேனாவை எடுத்தேன். நீ இடுப்பில் ஈரச் சாரனோடு சுவரோரம் நின்றாய்.

"அவர் கொடிய எடுக்கலாம்," என்றாய். "நான் செய்தத நான் எடுக்க ஏலா. அவர் வலக்காற்று, நான் இடக்காற்று. வழிவிட வேண்டிய ஆள் நான். முன்னால போயிரலாமெண்டு நினைச்சன். இடிச்சிற்று."

அப்படியென்றால் அங்கேயே ஏன் விலகவில்லை என்று என்னோடிருந்த ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி வேண்டாமே என்று நான் நினைத்தேன். நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாய்.

"வாப்பா கரையில இருக்கிறார். விலக மனம் வரல்ல."

அந்தப் பெரிய தமிழ் விதியை வாசிக்கும்படி நீயே என்னிடம் கேட்டாய். நான் வாசித்தேன். எழுதிய நாளிலிருந்து எவருமே அந்த விதியைப் பயன்படுத்தியதில்லை. உன் தோணி போட்டியிலிருந்து விலகியதென்று எழுதினேன். என் கையெழுத்து அன்று நன்றாக வரவில்லை. போடியார் அழுதார் என்று பின்னாளில் சிலர் கதைத்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்த மனிதரைப் பற்றி எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாது.

வாப்பா எழுந்தார். ஏசப் போகிறார் என்று நான் பயந்தேன். உனக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். சாரனைப் பிழிந்தபடி நீ நிமிரவேயில்லை. அவர் உன் அருகில் வந்து நின்று, வண்டில் பின்னால் வரட்டும் என்று வண்டில்காரனுக்குச் சொன்னார். பிறகு உன்னைக் கேட்டார்.

"மகன், உன்ட தோணியில நான் இருக்க இடம் இருக்கா?"

துறையிலிருந்து அவரைக் கைபிடித்துத் தோணிக்குள் இறக்கினாய். காற்று அதற்குள் தணிந்திருந்தது. செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் நடுப்பலகையில் நேராக உட்கார்ந்திருந்தார். காத்தான்குடிப் பக்கம் நோக்கிப் பாய் மெல்ல நகர்ந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவர் கையை நீட்டிப் பாய்க் கயிற்றைக் காட்டி ஏதோ கேட்டதும், நீ குனிந்து விளங்கப்படுத்தியதும் தெரிந்தது. கிண்ணத்தைப் பெற்ற தபால் கந்தோர்ப் பொடியன்கள் அதை யார் வீட்டில் வைப்பதென்று தெரியாமல் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அன்று மிகவும் பசித்தது. வீட்டுக்குப் போய் நிறையச் சாப்பிட்டேன். நல்ல நாளொன்றின் நினைவாக அந்தச் சோறும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நீ அறிந்ததுதான். போடியார் கிழிந்த பாய்க்குத் துணி வாங்க உன் கடைக்கே வந்தார். துணி எடுத்து முடிந்த பிறகும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நடுப்பகல் ளுகர்த் தொழுகை வரை கதைத்தார். அடுத்த கூட்டத்தில், கிண்ணம் ஒருவருக்கும் சொந்தமாகக் கூடாது, ஆண்டுக்கொரு வீடு போகட்டும் என்று நீ சொன்னாய். வழிமொழிந்தவர் அவர்தான். உங்கள் இருவருக்கும் இடையே போட்டி குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். இன்னும் கூடியது. முன்பு முறைத்துக்கொண்டு ஓட்டினீர்கள். பிறகு சிரித்துக்கொண்டு ஓட்டினீர்கள். வாப்பா வயதாகி மௌத்தாகும் வரைக்கும் சனிக்கிழமைகளில் துறைக்கு வந்தார். வலக்காற்று எது, இடக்காற்று எது என்று பக்கத்தில் நிற்பவர்களுக்கு அவர் விளங்கப்படுத்துவார். பெரும்பாலும் மாற்றித்தான் சொல்வார். நான் திருத்தவில்லை.

யுத்தம் வந்து நாம் பாய்களைச் சுருட்டினோம். கடைசிக் காய்ச்சலில் நீ கிடந்தபோது போடியாரும் நானும் ஒன்றாக வந்தோம். கழகத்தை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டாய். யுத்தம் முடிந்துவிட்டது, சீக்கிரம் திறப்போம் என்றோம். திறந்தோம். நீ இல்லை. தொடக்கத்தில் அது மிகவும் கடினமாக இருந்தது. இப்போது கொடிமரத்தடியில் நிற்கும்போது துக்கத்தைவிட உன் சிரிப்புத்தான் முந்தி வருகிறது.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அந்த நாள் வரை நான் விசாரணையில் முறைப்பட்டவரைத்தான் முதலில் கேட்பேன். எதிரி என்ன செய்தான் என்று அவர் சொல்வார். எதிரி எழுந்து, இவர் என்ன செய்தார் என்று சொல்வான். வழக்கு வளர்ந்துகொண்டே போகும். உன் விசாரணைக்குப் பிறகு நான் அந்த முறையை மாற்றிக்கொண்டேன். இரண்டு பேரையும் மேசைக்கு முன்னால் நிறுத்தி, உன் தோணி என்ன செய்தது என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேட்கிறேன். மற்றவர் தோணியைப் பற்றிப் பேச இரண்டு பேரையும் விடுவதில்லை. முதலில் தடுமாறுகிறார்கள். கொஞ்சநேரம் மேசையைப் பார்க்கிறார்கள். பிறகு பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள், மச்சான். போன சனிக்கிழமையும் அப்படித்தான். இரண்டு பேரும் முறைத்தபடி உள்ளே வந்தார்கள். கேள்வியைக் கேட்டுவிட்டு நான் காத்திருந்தேன்.

என்றும் உன்,
கரையில் நிற்கும் மச்சான்