பாண்டிமீனா வீட்டு ஜன்னல் கதவு

8 ஜூலை 2024, திங்கள்
திருநகர் மாவுக்கடை பாண்டிமீனா மறுபடி வந்துச்சு. புது வீட்டு ஜன்னல் சட்டமெல்லாம் நம்ம கடை வேங்கை மரம். கதவுக்கும் அதையே எடுக்கும்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். சித்திரைக் காத்துல சாஞ்ச சொந்த வேப்பமரத்தை அறுத்துப் பலகையாக்கி வச்சிருக்காம். "உங்க ஷெட்டுல காயப்போட இடம் குடுங்கண்ணே, வாடகை தாரேன்."
மரக்கடைக்கே மரம் கொண்டாருது. துணிச்சல்தான். சரின்னுட்டேன். ஆவணியில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. அதுக்குள்ள வேம்பு காயாது. கடைசியில வேங்கைக்குத்தான் வரணும் — என் கணக்கு அது.

19 ஜூலை
பலகை வந்தது. நடு வைரம் நல்ல சிவப்பு. பூச்சி விழுகிற ஓரத்து வெள்ளையை முன்னாடியே கழிச்சிருக்கு. யாரும் சொல்லிக்கொடுத்த மாதிரி தெரியல.

4 ஆகஸ்ட், ஞாயிறு
வாராவாரம் வருது. ஒவ்வொரு தடவையும் அதே துண்டை எடுத்து, கையோட கொண்டார மாவுத் தராசுல வைக்குது. எடை இறங்கிக்கிட்டே இருந்தா உள்ளே இன்னும் தண்ணி இருக்காம். நான் தட்டிப் பார்த்துட்டு, முக்காவாசி காஞ்ச சத்தம் கேக்குதுன்னேன்.
"காது ஆளுக்கு ஆள் மாறும்ணே."
என்கிட்ட இப்படி யாரும் பேசினதில்லை. கோபம் வரணுமே, ஏன் வரல?

28 ஆகஸ்ட்
மீனா பலகை பாக்க வந்திருந்தப்ப, அதோட மாமியார் முத்துத்தாய் கடைக்கே வந்து சத்தம். "ஜன்னலுக்குக் கதவில்லாத வீட்டுல பால் காய்ச்சினா ஊரு சிரிக்காதா? ஈரமோ என்னவோ, அடிச்சு மாட்டச் சொல்லுங்க."
ஊர்ல எல்லாரும் செய்றதுதான். நாளுக்குப் பயந்து பச்சை மரத்தை மாட்டுவாங்க. மழையில இறுகிக்கும், கோடையில கோணிக்கும். பழி மரக்கடைக்கு.
வேங்கை காஞ்சு தயாரா இருக்குன்னு நடுவுல சொல்லிப் பார்த்தேன்.
மீனா சிரிச்சுச்சு. "நீங்க யாவாரத்தைப் பாருங்கண்ணே. நான் மரத்தைப் பாக்குறேன்."

6 செப்டம்பர்
பால் காய்ச்சினாங்க. போயிருந்தேன். ஜன்னலுக்கெல்லாம் சுங்குடிச் சேலை. கட்டினது யாரு? முத்துத்தாய். மருமக மசியலைன்னதும் அந்தம்மாவே தன் சேலைப் பெட்டியைத் திறந்திருச்சு.
பந்தியில ஒரு மாமா இழுத்தார்: "ஏத்தா, கதவு வாங்கக் காசு பத்தலையா?"
"காசு இருக்கு மாமா. மரம்தான் இன்னும் சம்மதிக்கல."

29 செப்டம்பர்
எடை இறங்குறது நின்னுருச்சு. ஆசாரிக்குச் சொல்லியாச்சு.

9 நவம்பர்
விடாம மழை. திருநகர்ல மீனா வீட்டுக்குப் போயிருந்தேன். ஜன்னல் கதவை ஒத்தை விரல்ல தள்ளினேன், திறந்துச்சு. சாத்தினேன் — துளி உள்ளே வரல. இம்புட்டு காலமா மரம் விக்கிறேன், வேம்புல இப்படி ஒரு கதவு பார்த்ததில்லை. அதை என் வாயாலேயே மீனா கேக்கட்டும்னு அங்கேயே சொல்லிட்டு வந்தேன்.

21 ஏப்ரல் 2025
திருமங்கலத்துக்காரர் ஒருத்தர். வைகாசியில நாள் குறிச்சாச்சாம், ஜன்னலுக்குத் தேக்கு வேணுமாம், நல்ல பெரிய வீடு. கையில இருக்கிறது போன வாரம் அறுத்தது. காயல, ஆடி கழியட்டும்னேன்.
எந்திரிச்சு எதிர்க்கடைக்குப் போயிட்டார். நான் கூப்பிடல.